டிசிப்ளினுக்குத் தமிழ் என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில், மேம்பாலத்துக்குக் கீழே சின்னதாக ஒரு டைப்பிங், மொழிபெயர்ப்புக் கடை வைத்திருக்கிறேன். பத்திரம், வேலை விண்ணப்பம், கோயில் கொடை நோட்டீஸ், சர்ச் அறிக்கை, மெமோவுக்குப் பதில், கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட் என்று எல்லாம் வரும். வருகிறவர்கள் அதிகம் தடுக்கி விழுகிற ஆங்கிலச் சொல் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன், டிசிப்ளின். அந்த ஒரு சொல்லுக்கு ஒரே நாளில் ஐந்து விதமாகத் தமிழ் எழுதியிருக்கிறேன், ஒரு தடவை நானே தப்பாக எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு, அதையும் கீழே சொல்கிறேன். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே போட்டுவைக்கிறேன். பாதி கேள்வி கடையில் கேட்டது, மீதி நானே எனக்குக் கேட்டுக்கொண்டது.

விண்ணப்பத்தில் 'டிசிப்ளின்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் என்ன எழுத வேண்டும்?

படித்த பிரிவை. மெக்கானிக்கல், சிவில், வேதியியல், வணிகவியல், எதுவோ அது.

இது தெரியாமல் குலசேகரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு அப்பா, மகன் வெளியே போனில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், அந்தக் கட்டத்தில் அழகான கையெழுத்தில் 'குட்' என்று எழுதிவிட்டார். நான் பார்த்துச் சிரித்ததும் அவருக்குக் கோபம். "பயலுக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது, கேட்டியளா?" என்றார். அவர் மேல் தப்பே இல்லை. பள்ளிக்கூடத்து டி.சி.யில் நடத்தையும் பண்பும் என்று ஒரு வரி இருக்கும், அதற்கு நேரே 'நன்று' என்று இருக்கும், அதைப் பார்த்து வளர்ந்தவர் அப்படித்தான் எழுதுவார்.

நடத்தைக்கும் படிப்புப் பிரிவுக்கும் என்ன சம்பந்தம்? ஒரே சொல் எப்படி இரண்டுக்கும் வந்தது?

சொல் பிறந்த இடத்தைப் பார்த்தால் சம்பந்தம் தெரியும். லத்தீனில் டிஸ்கெரே என்றால் கற்றுக்கொள்வது. கற்றுக்கொள்கிறவன் டிசிபுலுஸ், ஆங்கிலத்தில் டிசைப்பிள், நம்முடைய சீடன். அவனுக்குக் கிடைக்கிற போதனை டிசிப்ளினா. ஆக முதல் அர்த்தம் படிப்புதான். ஒரு ஆசானிடம் இருந்து ஒரு வித்தையை ஒழுங்காகக் கற்பது, அந்த வித்தை, அதைக் கற்பிக்கிற முறை, எல்லாவற்றுக்கும் ஒரே சொல்.

அப்புறம் அது துறவு மடங்களுக்குள் போனது. மடத்தில் படிப்பு என்றால் உடம்பையும் மனசையும் அடக்குவதும் சேர்ந்ததுதானே. தவறு செய்தவனைத் திருத்தும் தண்டனைக்கும் அதே பெயர் வந்தது, கடைசியில் துறவிகள் தங்களைத் தாங்களே அடித்துக்கொள்ளும் சிறு கயிற்றுக் கசைக்கே டிசிப்ளின் என்று பெயர் விழுந்துவிட்டது. 13ஆம் நூற்றாண்டில் சொல் ஆங்கிலத்துக்கு வந்தபோது இந்தத் தண்டனை வாசனையோடுதான் வந்தது. பாடமும் பிரம்பும் ஒரே பெயரில் திரிவது இப்படித்தான்.

சரி, அப்படியானால் தமிழில் நேரான ஒரு சொல் சொல்லுங்கள்.

கிடையாது. இடத்தைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஒழுங்கு, கட்சியில் கட்டுப்பாடு, அலுவலகக் கடிதத்தில் ஒழுங்கு நடவடிக்கை, கல்லூரியில் துறை, படையில் கட்டுக்கோப்பு, வேதாகமத்தில் சிட்சை, நோன்பில் ஒறுத்தல், பொதுவாக ஒரு ஆளைச் சொல்ல வேண்டுமென்றால் ஒழுக்கம். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் வாக்கியம் இலக்கணப்படி நிற்கும், அர்த்தம் மட்டும் வேறெங்கோ போய்விடும்.

எல்லா இடத்திலும் 'ஒழுக்கம்' என்றே போட்டுவிட்டால் என்ன தப்பு? அழகான பழைய சொல்தானே?

அழகான சொல்தான், அதனாலேயே கொஞ்சம் பார்த்துத் தொட வேண்டும். இதைச் சற்று நீட்டியே சொல்கிறேன்.

ஒழுக்கம் என்பது ஒழுகு என்ற வினையிலிருந்து வந்தது. ஒழுகு என்றால் என்ன? மழை பெய்தால் ஓட்டு வீடு ஒழுகுகிறது என்கிறோமே, அதேதான். நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு, ஒழுகுவதைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். தண்ணீர் ஒரு வழியைப் பிடித்துக்கொண்டு விடாமல் போவது ஒழுகுதல். மனிதன் ஒரு வழியைப் பிடித்துக்கொண்டு விடாமல் நடப்பது ஒழுக்கம். திருக்குறளில் 14ஆவது அதிகாரம் ஒழுக்கமுடைமை, அதன் கடைசிக் குறள் 'உலகத்தோடு ஒட்ட ஒழுகல் பலகற்றும் கல்லார் அறிவிலா தார்' என்கிறது. அங்கே ஒழுகல் என்று வினையாகவே நிற்பதைப் பாருங்கள். பல நூல் படித்தும் உலகத்தோடு சேர்ந்து ஓடத் தெரியாதவன் படிக்காதவன்தான் என்கிறார்.

எனக்கு இந்தச் சொல் புரிந்தது புத்தகத்தில் அல்ல, ரப்பர் தோட்டத்தில். ஒன்பதாம் வகுப்பு லீவில் மாமாவோடு பால்வெட்டுக்குப் போவேன். விடிவதற்கு முன்னால், தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு. குளிர்ச்சி இருக்கும்போதுதான் மரத்துக்குள் அழுத்தம் இருக்கும், பால் நன்றாக வரும், வெயில் ஏறிவிட்டால் குறைந்துபோகும். மாமா மரத்தின் முன்னால் நின்று முதலில் முந்தாநாள் வெட்டில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை இழுத்து உரிப்பார், அது ரப்பர் நாடா மாதிரி வரும். பிறகு கத்தியை மேலே இடது பக்கம் வைத்து, கீழே வலது பக்கமாகச் சரிவாக, மரத்தின் பாதிச் சுற்றுக்கு, ஒரே சீராக இழுப்பார். பட்டையில் ஒரு மெல்லிய சீவல் மட்டும் விழும். உள்ளே மரம் வளர்வதற்கான மெல்லிய தோல் ஒன்று இருக்கிறது, அதைத் தொடாமல் அதற்குச் சற்று முன்னால் கத்தி நிற்க வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது, கூடினால் மரத்துக்குக் காயம், அடுத்து முளைக்கும் பட்டை முண்டும் முடிச்சுமாக வரும். கத்தி போன சாலில் வெள்ளையாக முத்து முத்தாகப் பொங்கும், ஒன்று சேரும், அப்புறம் சரிவில் ஒழுகி, தகரத் துண்டு வழியாகச் சிரட்டையில் சொட்டும். ஒரு தடவை என்னிடம் கத்தியைக் கொடுத்தார். சால் கோணலாகப் போய், பால் பாதி வழியிலேயே சாலை விட்டு மரத்தில் வழிந்துவிட்டது. மாமா திட்டவில்லை. "மக்களே, நாளைக்கு இந்த மரத்தில வேலை இல்ல, ஒரு நாள் விட்டுத்தான் வெட்டணும்" என்று மட்டும் சொன்னார். மரத்துக்கும் ஓய்வு நாள் உண்டு என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

சாலோடு ஒழுகுவதுதான் ஒழுக்கம். இந்த அர்த்தத்தில் டிசிப்ளினுக்கு இதைவிட நல்ல தமிழ் எனக்குத் தெரியாது. பிரச்சினை என்னவென்றால் இன்று நாம் அந்த அர்த்தத்தில் மட்டும் அதைப் பயன்படுத்துவதில்லை.

புரியவில்லை. ஒழுக்கம் என்றால் நல்ல நடத்தைதானே?

பழைய தமிழில் நல்லது, கெட்டது இரண்டுக்கும் பொதுவான நடப்பு அது. சங்கப் பாடல்களுக்குச் சொல்லும் இலக்கணத்தில் யாருக்கும் தெரியாமல் காதலிப்பது களவொழுக்கம். கல்யாணத்துக்குப் பிறகு கற்பொழுக்கம். தலைவன் மனைவியை விட்டுப் பரத்தை வீட்டுக்குப் போவதற்குப் பெயர் என்ன தெரியுமா, பரத்தையர் ஒழுக்கம்! இதை நோட்டீஸில் போட்டால் ஊர் என்னைச் சும்மா விடாது. ஆனால் இலக்கணத்தில் அது ஒரு நடப்புக்குப் பெயர், அவ்வளவுதான்.

பிற்காலத்தில் அது சுருங்கிச் சுருங்கி நன்னடத்தையாகி, பேச்சில் இன்னும் சுருங்கி, ஆண் பெண் விவகாரமாக முடிந்துவிட்டது. 'ஒழுக்கக்கேடு' என்று பேப்பரில் வந்தால் அவர் ஆபீசுக்கு லேட்டாகப் போனார் என்று யாராவது நினைப்பார்களா? அதனால்தான் ஒரு ஊழியர் நேரத்துக்கு வருவதில்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'ஒழுக்கமற்றவர்' என்று எழுதித் தரச் சொன்னால் மறுத்துவிடுவேன். நேரம் தவறுகிறவர் என்று எழுதுங்கள், போதும்.

பெண் பிள்ளைகளிடம் மட்டும் 'அடக்க ஒடுக்கமா இரு' என்கிறார்களே, அதுவும் டிசிப்ளினா?

சொல்கிறவர்கள் அப்படித்தான் நினைத்துச் சொல்கிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. குறளில் அடக்கமுடைமை 13ஆவது அதிகாரம், அது ஆணுக்கும் பெண்ணுக்கும் சேர்த்துத்தான், இன்னும் சரியாகச் சொன்னால் நாக்கை அடக்காதவர்களுக்கு. ஒடுக்கம் என்பதை யார் எப்போது அதோடு ஒட்டவைத்தார்களோ. மகன் ராத்திரி 11 மணிக்கு வந்தால் 'பய சுத்துறான்', மகள் ஏழு மணிக்கு வந்தால் டிசிப்ளின் இல்லை. இந்த இடத்தில் மொழிபெயர்க்க ஒன்றுமே இல்லை.

எல்லை தாண்டி மலையாளத்தில் டிசிப்ளினுக்குச் சொல்லே அச்சடக்கம்தான். பள்ளிக்கூடம், கட்சி, ஆபீஸ் எல்லாவற்றுக்கும் அதையே போடுகிறார்கள். களியக்காவிளை தாண்டினால் நம் வேலை சுலபம்.

ஆபீஸிலிருந்து '17(ஆ)' என்று மெமோ வந்திருக்கிறது. இதுதான் டிசிப்ளினரி ஆக்‌ஷனா?

ஆமாம், பயந்து உட்கார வேண்டாம், ஆனால் சும்மாவும் விட்டுவிடாதீர்கள். தமிழக அரசு ஊழியர்களுக்கு ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு என்ற பெயரிலேயே விதிகள் இருக்கின்றன. அதில் 17(அ) சிறு தண்டனைகளுக்கானது, கண்டனம், ஊதிய உயர்வை நிறுத்துவது போன்றவை, விளக்கம் கேட்டு முடித்துவிடலாம். 17(ஆ) பெருந்தண்டனைக்கானது, குற்றச்சாட்டுகளை எழுத்தில் கொடுத்து, விசாரணை அதிகாரி வைத்து, நீங்கள் உங்கள் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்துத்தான் நடத்த வேண்டும். சஸ்பெண்ட் செய்வதைத் தமிழில் தற்காலிகப் பணிநீக்கம் என்கிறோம், விசாரணை முடியும்வரை வெளியே நிறுத்துகிற அந்த ஏற்பாடு தண்டனையாகாது, இதைச் சொந்தக்காரர்களுக்குப் புரியவைப்பதுதான் கஷ்டம்.

இங்கே சரியான தமிழ் ஒழுங்கு நடவடிக்கை. 'ஒழுக்க நடவடிக்கை' என்று யாராவது டைப் செய்து கொண்டுவந்தால் திருத்திவிடுங்கள். பேப்பர்க்காரர்கள் இதையே 'துறை ரீதியான நடவடிக்கை' என்று எழுதுவார்கள், அங்கே துறை என்பது டிபார்ட்மென்ட்.

கடமை, கண்ணியம், கட்டுப்பாடு என்பதில் வரும் கட்டுப்பாடு எது?

அண்ணா சொன்ன அந்த மூன்றாவது சொல் டிசிப்ளின்தான். ஒரு கூட்டத்தில் இருப்பவன் கூட்டத்தின் முடிவுக்குத் தன்னைக் கட்டிக்கொள்வது. மற்ற மொழிக்காரர்கள் ஒழுக்கம் என்ற பக்கம் போயிருக்கக்கூடிய இடத்தில் அண்ணா கட்டுப்பாட்டை எடுத்தது எனக்கு எப்போதும் சரியாகப் படும், ஏனென்றால் கட்சிக்காரனின் சொந்த வாழ்க்கையைப் பற்றி அது பேசவில்லை, அவன் வரிசையில் நிற்பதைப் பற்றித்தான் பேசுகிறது. மூன்றுக்கும் க முன்னால் வருவதும் மேடைக்கு உதவியிருக்கும்.

அதே கட்டுப்பாடுதான் பிறகு 'கட்சிக் கட்டுப்பாட்டை மீறியதால் அடிப்படை உறுப்பினர் பொறுப்பு உள்ளிட்ட அனைத்துப் பொறுப்புகளிலிருந்தும்' என்ற நமக்கெல்லாம் மனப்பாடமான வரியாக ஆனது. சட்டமன்றத்தில் உறுப்பினர்களை ஓட்டுப்போட வைக்கிறவரைக் கொறடா என்கிறோம், அந்தச் சொல்லுக்குச் சாட்டை என்றுதான் அர்த்தம், ஆங்கிலத்திலும் அவர் பெயர் விப்தான். துறவி மடத்துக் கசை எங்கே போனது என்று பார்த்தால் சட்டமன்றத்தில் இருக்கிறது. 1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தபிறகு அந்தச் சாட்டைக்கு வலியும் உண்டு, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப்போட்டால் பதவியே போகலாம்.

ஊர்க்கட்டுப்பாடு என்பதும் இதே கட்டுப்பாடுதானா?

சொல் ஒன்று, விஷயம் இரண்டு. நம் கடற்கரை ஊர்கள் பலவற்றில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. அது ஊரே சேர்ந்து வைத்துக்கொண்டது, பூசைக்கும் ஆயிற்று, உடம்புக்கும் ஓய்வாயிற்று, மீனுக்கும் ஒரு நாள் மூச்சு. அரசாங்கம் வைக்கிற மீன்பிடித் தடைக்காலமும் ஒரு கட்டுப்பாடுதான், 61 நாள். நம் மாவட்டத்தில் மட்டும் அது இரண்டாகப் பிரியும். சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் மேற்குக் கடற்கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. விசைப்படகுக்குத்தான் இது.

ஒரு குடும்பத்தோடு யாரும் பேசக் கூடாது, கடையில் சாமான் கொடுக்கக் கூடாது என்று விலக்கிவைப்பதையும் சிலர் ஊர்க்கட்டுப்பாடு என்றே சொல்கிறார்கள். அதற்குச் சரியான பெயர் ஊர்விலக்கு. அந்த மாதிரி ஒரு அறிவிப்பை டைப் செய்துதரச் சொல்லி வந்தார்கள், செய்யவில்லை. இன்னொரு கடையில் செய்திருப்பார்கள்.

நீங்கள் தப்பாக எழுதியதாகச் சொன்னீர்களே, அது என்ன?

வந்துவிட்டீர்களா. கடை ஆரம்பித்த புதிதில் ஒரு கல்லூரியின் சேர்க்கைத் துண்டறிக்கை வந்தது. மாணவர்கள் இரண்டாம் ஆண்டில் டிசிப்ளினை மாற்றிக்கொள்ள வாய்ப்புண்டு என்று ஆங்கிலத்தில் இருந்தது. ராத்திரி பன்னிரண்டு மணி, கரண்டு போய்ப் போய் வருகிறது, நான் எழுதிய வரி இது: 'மாணவர்கள் இரண்டாம் ஆண்டில் தங்கள் ஒழுக்கத்தை மாற்றிக்கொள்ளலாம்.' அச்சாகி, கட்டுக்கட்டாக வந்து, ஒரு பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கொடுத்த பிறகுதான் போன் வந்தது. மறுபடி அடித்த செலவு என்னுடையது.

அங்கே வர வேண்டிய சொல் துறை அல்லது பாடப்பிரிவு.

துறை என்பது அரசுத் துறை இல்லையா? படிப்புக்கு எப்படி வரும்?

இந்தக் கேள்வியை நம் மாவட்டத்துக்காரர் கேட்கக் கூடாது! சின்னத்துறை, பூத்துறை, இரவிபுத்தன்துறை, இனயம் புத்தன்துறை என்று கடற்கரை நெடுக நமக்குத் துறைகள்தான். துறை என்றால் தண்ணீரில் இறங்குகிற இடம். குளத்துக்குப் படித்துறை, கடலுக்கு வள்ளம் இறக்கும் துறை. கடல் ஒன்றுதான், நீ எந்த இடத்தில் இறங்குகிறாய் என்பதுதான் துறை. அறிவும் அப்படித்தான் என்று யாரோ ஒரு காலத்தில் நினைத்திருக்கிறார்கள், ஒரு கலையை அடிவரை கற்றவரைத் துறைபோகியவர் என்றே சொன்னார்கள். சங்கப் பாட்டுக்கும் திணை, அதற்குள் துறை என்று பிரிவு உண்டு.

ஆக ஆங்கிலத்தில் ஆசானையும் அடியையும் நினைவுபடுத்துகிற சொல்லுக்கு, தமிழில் தண்ணீரையும் கரையையும் நினைவுபடுத்துகிற சொல் வந்து உட்கார்ந்திருக்கிறது. எனக்கு நம்முடையதுதான் பிடித்திருக்கிறது. இன்டர்டிசிப்ளினரி என்பதற்குப் பல்துறை என்றோ துறைகளுக்கிடையேயான என்றோ எழுதலாம். 'இடைஒழுக்க ஆய்வு' என்று ஒரு புராஜெக்டில் பார்த்தேன், நான் செய்ததில்லை, சத்தியமாக.

எங்கள் சர்ச்சில் 'சிட்சை' என்று படிக்கிறார்கள். அதுவும் டிசிப்ளினா?

அதேதான். தமிழ் வேதாகமத்தில் எபிரெயர் 12ஆம் அதிகாரத்தில், கர்த்தர் அன்புகூருகிறவனைச் சிட்சிக்கிறார் என்று வருகிற இடத்தில் ஆங்கில மொழிபெயர்ப்புகள் பலவற்றில் டிசிப்ளின் இருக்கும். சிட்சை என்பது வடமொழியில் சிக்ஷா. அதன் ஆதி அர்த்தம் கற்றல். இந்தியில் இன்றும் சிக்ஷா என்றால் கல்வி. மலையாளத்தில் சிக்ஷ என்றால் தண்டனை, கோர்ட்டில் கொடுப்பார்களே அது. ஒரே சொல் ஒரு மொழியில் பள்ளிக்கூடமாகவும் இன்னொரு மொழியில் ஜெயிலாகவும் நிற்கிறது, லத்தீன் சொல் போன அதே வழியில் இதுவும் போயிருக்கிறது, ஒன்றைப் பார்த்து ஒன்று போனதில்லை. படிப்பு சொல்லித்தருகிறவன் கையில் குச்சி இருந்தால் எந்த ஊர்ச் சொல்லும் இப்படித்தான் திரும்பும் போலிருக்கிறது.

கத்தோலிக்கர்கள் தவக்காலத்தில் ஒறுத்தல் முயற்சி என்பார்கள். ஒருசந்தி என்கிற நோன்பு, சுத்தபோசனம் என்கிற இறைச்சி விலக்கு எல்லாம் அதில் வரும். அது தன்னைத் தானே கட்டுப்படுத்துவது, யாரும் பிடித்து வைத்துச் செய்யவைப்பதில்லை, வெள்ளிக்கிழமை இறைச்சிதான் கூடாது, மீன் சாப்பிடலாம் என்பதால் நம் ஊரில் அது பெரிய கஷ்டமும் இல்லை.

பிரம்பு எடுக்காமல் பிள்ளைகளுக்கு டிசிப்ளின் வருமா?

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17, எந்தப் பிள்ளைக்கும் உடல் தண்டனையோ மனரீதியான துன்புறுத்தலோ கூடாது. 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அடிப்பது மட்டும்தான் குற்றம் என்று நினைக்காதீர்கள், எல்லோர் முன்னாலும் 'நீ எதுக்குடா படிக்க வந்தே' என்று கேவலப்படுத்துவதும் அதில் வரும். ஆசிரியரே அப்படிச் செய்தால் அவர்மேல்தான் ஒழுங்கு நடவடிக்கை வரும்.

நான் படித்த பள்ளியில் பி.இ.டி. சார் ஒருவர் இருந்தார், புளியங்கம்பு வைத்திருப்பார். அவர் வராந்தாவில் வந்தால் பள்ளிக்கூடமே அமைதி. அவர் ஒரு வாரம் லீவு போட்டபோது பள்ளிக்கூடம் சந்தைக்கடை. மாமா சொல்லிக்கொடுத்த சரிவை மட்டும் இருபது வருஷம் கழித்தும் என் கை மறக்கவில்லை.

ராணுவத்தில் சொல்லும் டிசிப்ளினுக்கு எதை எழுதுவது?

கட்டுப்பாடு அல்லது கட்டுக்கோப்பு. இந்தியாவில் படையினரின் டிசிப்ளினுக்காக அவர்களுடைய அடிப்படை உரிமைகளையே நாடாளுமன்றம் குறைக்கலாம் என்று அரசமைப்பின் 33ஆவது பிரிவு சொல்கிறது, அவ்வளவு கனமான சொல் அங்கே. என்.சி.சி.யின் குறிக்கோள் வாசகத்திலும் ஒற்றுமையோடு இதுதான் இருக்கிறது.

நம் ஊர்க்கதை ஒன்று உண்டு. 1741இல் குளச்சலில் டச்சுப் படையைத் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா தோற்கடித்தபோது பிடிபட்டவர்களில் ஒருவர் டி லனாய். ராஜா அவரைச் சிறையில் போட்டு மறக்காமல் தன் படைக்கே பயிற்சி கொடுக்கவைத்தார். ஐரோப்பிய முறைக் கவாத்து, துப்பாக்கி, கோட்டை கட்டுவது எல்லாம் அவர் கையில். கடைசியில் வலிய கப்பித்தான், அதாவது பெரிய தளபதி ஆனார். 1777இல் இறந்தவரின் கல்லறை புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது, போய்ப் பாருங்கள். நட்டாலத்துத் தேவசகாயம் பிள்ளைக்குக் கிறிஸ்துவத்தை அறிமுகம் செய்தவரும் அவரே. ஒரே ஆள் ஒரு பக்கம் படைக்கு டிசிப்ளினும் இன்னொரு பக்கம் ஒரு டிசைப்பிளையும் கொடுத்திருக்கிறார். கவாத்து என்பதும் வெளியிலிருந்து வந்த சொல்தான், உருதுவில் விதிகள் என்று பொருள். ரோஜாச் செடியை வெட்டிவிடுவதற்கும் கவாத்து என்கிறோம்.

அனுசாசனம் என்று இந்தியில் எழுதியிருக்கிறார்களே, தமிழில் அதைப் பயன்படுத்தலாமா?

வேண்டாம், யாருக்கும் புரியாது. ஆனால் சொல்லின் குடும்பம் பெரியது. சாஸ்திரம், சாசனம், சீடன் ஆகிவிட்ட சிஷ்யன், எல்லாம் ஒரே வேர். யோக சூத்திரம் ஆரம்பிப்பதே அந்தச் சொல்லோடுதான். மகாபாரதத்தின் 13ஆவது பர்வம் அனுசாசன பர்வம், அம்புப் படுக்கையில் கிடக்கும் பீஷ்மர் தருமனுக்குச் சொல்லும் உபதேசம். 1975 அவசரநிலையின்போது வினோபா பாவே இந்தப் பெயரைச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, இது கட்டுப்பாட்டின் காலம் என்று நாடு முழுக்க விளம்பரம் செய்தார்கள். கிழவர் உபதேசம் செய்த பெயரில் ஜெயில் நிரம்பியது. டிசிப்ளின் என்று மேலிடத்தில் யாராவது சத்தமாகச் சொன்னால் எந்த அர்த்தத்தில் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

செல்ஃப் டிசிப்ளின்?

பேப்பரில் சுயகட்டுப்பாடு என்று போடலாம். எனக்குப் பிடித்தது தவசு. சாமித்தோப்பு அய்யா வைகுண்டர் வழியில் துவையல் தவசு என்று ஒன்று சொல்வார்கள். 700 குடும்பங்கள் வாகைப்பதியில் கடலோரம் போய்த் தங்கி, ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு, தினம் மூன்று தடவை குளித்துத் துணி துவைத்து, கூட்டாகத் தவம் இருந்தார்கள் என்பது மரபு. மேல் துணி போட்டுக்கொள்வதற்கே தடை இருந்த காலத்தில், ஒதுக்கப்பட்ட ஜனங்கள் நாள்தோறும் துவைத்துக் கட்டினார்கள் என்பதை யோசித்துப் பார்த்தால், அதைச் சுயகட்டுப்பாடு என்று எழுதக் கை வரவில்லை.

அடிமுறை என்கிற நம் ஊர்ச் சண்டைக்கலையும், உடம்பில் அடிபடக் கூடாத இடங்களைச் சொல்லும் வர்மமும் கற்றுத்தரும் ஆசான்களிடமும் இது உண்டு. வர்மம் மொத்தம் 108, அதில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. இடத்தைக் காட்டிக்கொடுப்பதற்கு முன்னால் பிள்ளையின் கோபத்தைத்தான் ஆசான் பல வருஷம் பார்ப்பார். முதலில் சுவடு, அதாவது காலடி வைக்கும் முறை, பழகச் சொல்வார். அப்புறமும் சுவடுதான்.

விளையாட்டில் 'டிசிப்ளின்' என்று வருகிறது, வீரர்கள் ஒழுங்காக இல்லையா?

அங்கே பிரிவு என்று அர்த்தம். ஒலிம்பிக்கில் நீர் விளையாட்டு என்ற ஒன்றுக்குள் நீச்சல், டைவிங், வாட்டர் போலோ எல்லாம் தனித்தனி டிசிப்ளின். அவ்வளவுதான்.

பேசாமல் டிசிப்ளின் என்றே தமிழில் எழுதிவிடலாமா?

பேச்சில் தாராளமாக. 'ஆளு நல்ல டிசிப்ளின்' என்றால் சாயாக்கடையில் எல்லோருக்கும் புரியும். நேரத்துக்கு வருவான், கடன் சொன்னால் திருப்பித் தருவான், குடித்துவிட்டுச் சத்தம் போட மாட்டான், எல்லாம் அதில் அடக்கம். அரசாங்கக் கடிதத்திலும் துண்டறிக்கையிலும் எழுதாதீர்கள், படிக்கிறவர் மேலே சொன்ன எந்த அர்த்தத்தையும் எடுத்துக்கொள்வார்.

அந்த அப்பாவின் விண்ணப்பம் கடைசியில் என்ன ஆயிற்று?

புதுப் பாரம் பிரிண்ட் எடுத்து, பையனே உட்கார்ந்து மெக்கானிக்கல் என்று எழுதினான். அப்பா பக்கத்தில் நின்று ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். எல்லாம் முடிந்து காசு கொடுக்கும்போது, "அப்போ பய நல்ல பயன்னு எழுத இதுல எடமே இல்லியா சார்?" என்று கேட்டார். கேரக்டர் சர்டிபிகேட் தனியாக இணைக்க வேண்டும், படித்த பாலிடெக்னிக்கில் வாங்கி வாருங்கள் என்றேன். இரண்டு ஜெராக்ஸ் எடுக்கச் சொல்லி மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார்.